பாஸ்டன் ஃபெர்னா, அஸ்பரகஸா, மெய்டன்ஹேரா?

கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நர்சரியில் நின்றுகொண்டு மூன்று படங்களை அனுப்பினாள். பின்னாலேயே போனும் வந்தது.

"அக்கா, மூணுமே ஃபெர்ன்னுதான் சொல்றாங்க. மூணுமே நிழல்ல வளருமாம். எதை எடுக்கட்டும்?"

படங்களைப் பார்த்தேன். ஒன்று பாஸ்டன் ஃபெர்ன், தொங்கு தொட்டியில் நாலு பக்கமும் வழிந்துகொண்டிருந்தது. இன்னொன்று மெய்டன்ஹேர், கறுப்பு நூல் மாதிரித் தண்டில் கொத்தமல்லி இலை போல. மூன்றாவது, கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளை கோட்டில் ரோஜாவுக்குப் பின்னால் குத்துவார்களே, அந்தச் சல்லாத்துணி போன்ற பச்சை. அஸ்பரகஸ் ஃபெர்ன்.

"எதையும் எடுக்காதே. சாயங்காலம் மாடிக்கு வா, பேசிக்கலாம்" என்றேன். அந்த நர்சரிக்காரருக்கு என் மேல் நிச்சயம் கோபம் இருக்கும்.

இந்த மூன்றையும் நான் வைத்திருந்திருக்கிறேன். சரியாகச் சொன்னால், இரண்டை வளர்த்தேன், ஒன்றை மூன்று தடவை கொன்றேன். அதனால் அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன்.

மூன்றில் ஒன்று பெரணியே இல்லை

பள்ளிக்கூடத்தில் பெரணி என்று படித்தது நினைவிருக்கும். பூக்காது, காய்க்காது, இலைக்கு அடியில் பழுப்பாகப் புள்ளி வைக்கும், அந்தப் புள்ளியிலிருந்து தூளாக வித்து உதிரும். (இந்தப் புள்ளிகளைப் பூச்சி என்று நினைத்து மருந்தடித்தவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் அந்த ஜாதிதான்.) பாஸ்டனும் மெய்டன்ஹேரும் இந்த வகை. அஸ்பரகஸ் அப்படி இல்லை. பொடி வெள்ளைப் பூ பூக்கும், மணி மணியாகப் பழம் விடும், விதையிலிருந்து முளைக்கும். பெரிய ஹோட்டல்களில் சூப்பில் போடுகிற அஸ்பரகஸ் தண்டுக்கு இது பங்காளி. புதுத் துளிர் மண்ணைப் பிளந்துகொண்டு வரும்போது பாருங்கள், அச்சு அசல் அதே குச்சி. நாம் இலை என்று தடவிப் பார்க்கும் அந்த நூலிழைகூட இலை கிடையாது. தண்டின் சிறு கிளைகள் இலையின் வேலையைப் பார்க்கின்றன. நிஜ இலை செதில் அளவுக்குச் சுருங்கிப் போய், சில இடங்களில் முள்ளாகவும் நிற்கும்.

இதை வெறும் தாவரவியல் வம்பு என்று விட்டுவிட முடியாது. தண்ணீர் ஊற்றப் போகிறவருக்கு விஷயமே இதில்தான் இருக்கிறது.

பெரணியின் வேர் மெல்லியது. மேல்மண்ணிலேயே படர்ந்திருக்கும். மக்கிய சருகுக்கு அடியில் எப்போதும் ஈரம் கசிகிற இடத்தில் வளர்ந்த பழக்கம் அதற்கு. சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது, அன்றாடங்காய்ச்சி. அஸ்பரகஸில் ஸ்ப்ரெங்கரி, நரிவால் போன்ற ரகங்கள் வேரில் விரல் நுனி அளவுக்கு வெள்ளைக் கிழங்குகளைக் கட்டிக்கொள்கின்றன. கிள்ளிப் பார்த்தால் உள்ளே தண்ணீர்தான். தென்னாப்பிரிக்கப் பக்கத்துச் செடிகள் இவை, மழை வராத மாதங்களைப் பார்த்தவை.

நான்கு வருஷத்துக்கு முன் மே மாதத்தில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கும்பகோணம் போன நான் திரும்பி வர 10 நாள் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டில் சாவி கொடுத்திருந்தேன், அவர்களும் ஊருக்குப் போய்விட்டார்கள். அக்னி நட்சத்திர நேரம். வந்து கதவைத் திறந்தால், என் பாஸ்டன் ஃபெர்ன் வைக்கோல் நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கை வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அதற்குப் பக்கத்திலேயே வைத்திருந்த நரிவால், கீழ்ப்பக்கம் நாலைந்து வால் மஞ்சளானதைத் தவிர, ஒன்றும் நடக்காததுபோல் நின்றது. அன்றைக்குத்தான் வேரைப் பற்றி யோசித்தேன்.

ஆகவே கீழ்வீட்டுப் பெண்ணிடம் நான் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் எத்தனை நாள் ஆள் இருக்க மாட்டார்கள் என்பது. இரண்டு பேரும் ஐடி வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திருநெல்வேலிக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ், திங்கட்கிழமை காலையில் திரும்பல். அதாவது இரண்டரை நாள் தொட்டி தனியாக இருக்கும். அந்த நிமிஷமே என் மனதில் அஸ்பரகஸ் என்று முடிவாகிவிட்டது. அப்புறம் அது மாறியது, அதைப் பிறகு சொல்கிறேன்.

பாஸ்டன்: அழகும் கூலியும்

பாஸ்டன் ஃபெர்னை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நன்றாக வளர்ந்த ஒரு பாஸ்டன் தொட்டிக்கு ஈடாகப் பால்கனியில் எதுவும் நிற்காது. அதன் பிறப்பே ஒரு தற்செயல். 1894-ல் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து பாஸ்டன் பக்கம் போன பெரணிச் சரக்கில் ஒரு செடி மட்டும் மற்றவை போல விறைப்பாக நிற்காமல் இலையை வளைத்துத் தொங்கவிட்டிருந்தது. நெஃப்ரோலெபிஸ் எக்ஸால்டேட்டா என்ற சாதாரணப் பெரணியின் மாறுபட்ட பிள்ளை. அதன் வித்து முளைக்காது என்பதால் ஓடுதண்டில் வரும் பக்கக் கன்றுகளைப் பிரித்துத்தான் பெருக்கினார்கள், இப்போது திசு வளர்ப்பிலும் செய்கிறார்கள். அடர் சுருள் இலை ரகங்கள், குட்டை ரகங்கள் எல்லாம் அந்த ஒரு செடியிலிருந்து கிளைத்தவை.

கேட்கும் கூலி மட்டும் ஜாஸ்தி. வெயில் காலத்தில் தினமும் தண்ணீர். தொட்டி சின்னதென்றால் இரண்டு வேளை. மண் ஈரமாக இருக்கவேண்டும், சேறாக இருக்கக்கூடாது. நான் போடும் கலவை பாதிக்கு மேல் ஊறவைத்துக் கழுவிய கோகோபீட் (தென்னை நார்த்தூள்), மீதி மண்புழு உரம், கொஞ்சம் ஆற்றுமணல். செம்மண்ணை மட்டும் போட்டால் இறுகிவிடும். கோகோபீட்டைக் கழுவாமல் போடக்கூடாது, அதில் உப்பு இருக்கும்.

உப்பு என்று வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் பாஸ்டன் ஃபெர்ன் நுனி கருகுகிறது என்று புலம்புகிற பத்துப் பேரில் பாதிப் பேரின் பிரச்சினை வெயில் இல்லை, போர் தண்ணீர். பாத்திரத்தில் வெள்ளைப் படலம் விடுகிற அதே தண்ணீர்தான் தொட்டிக்கும் போகிறது. ஊற்ற ஊற்ற உப்பு மண்ணில் தங்கி, இலை நுனியில் பழுப்பாகத் தெரிகிறது. மெட்ரோ தண்ணீரை ஒரு ராத்திரி வாளியில் வைத்தால் குளோரின் போகும். போர் தண்ணீரை ஒரு வாரம் வைத்தாலும் உப்பு போகாது. இதைவிட மோசம், வீணாகக்கூடாது என்று ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது. நல்ல தண்ணீரை உங்களுக்குக் கொடுத்துவிட்டு, இருந்த உப்பையெல்லாம் சேர்த்துக் குழாயில் வெளியே தள்ளுகிறது அந்த மெஷின். அதைக் கொண்டுபோய்ப் பெரணிக்கு ஊற்றினால்? தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிர், ஏசி சொட்டும் தண்ணீர். காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கியது, உப்பே கிடையாது. வாய்க்கு ஆகாது, பெரணிக்கு அமிர்தம். எங்கள் வீட்டில் ஒரு ராத்திரிக்கு நாலைந்து லிட்டர் வாளியில் சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடியில் இரண்டு டிரம் மழைநீர் பிடித்து மூடி வைத்தால் மார்கழி வரைக்கும் கவலையில்லை.

அஸ்பரகஸுக்கு இந்தத் தண்ணீர் ஜாதகமெல்லாம் அவ்வளவாகத் தேவையில்லை. போர் தண்ணீரிலேயே என் நரிவால் நான்கு வருஷமாக இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை அடியில் வழிகிற அளவுக்கு நிறைய ஊற்றி உப்பை அலசிவிடுவேன், அவ்வளவுதான்.

காற்றும் வெயிலும்

ஃபெர்ன் என்றதும் எல்லோரும் ஒரு ஸ்பிரே பாட்டில் வாங்குகிறார்கள். இலை மேல் புஸ்புஸ் என்று அடிப்பதில் நமக்கு ஒரு திருப்தி, செடிக்குப் பத்து நிமிஷ சுகம். அதற்குள் காய்ந்துவிடும். சென்னையில் வெளிக்காற்றுக்கு ஈரத்தில் குறைவு கிடையாது. வறட்சி இருப்பது ஏசி ஹாலில், அதற்கு நாமே கரன்ட் பில் கட்டுகிறோம். ஆகவே கடலோர ஊர்க்காரர்கள் பாஸ்டன் ஃபெர்னை ஹாலுக்குள் வைத்து ஸ்பிரே அடிப்பதைவிட, பால்கனியில் நிழலாகத் தொங்கவிட்டாலே பாதி வேலை முடிந்தது. நாலைந்து தொட்டிகளை நெருக்கி வைத்தால் ஒன்றின் ஈரம் இன்னொன்றுக்கு உதவும். கோயம்புத்தூர், திருச்சிப் பக்கம் கதை வேறு. ஆடிக் காற்று ஆரம்பித்துவிட்டால் தொங்கு தொட்டி ஊஞ்சலாடும், மத்தியானத்துக்குள் மண் காய்ந்துவிடும். அங்கே தரையில், சுவரோரமாக வைப்பது மேல். ஊட்டி, கோத்தகிரிக்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். அவர்கள் வேலியோரத்தில் தானாக முளைக்கிறதைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

அடுத்தது வெயில். "எங்க பால்கனி வடக்குப் பாத்தது அக்கா, வெயிலே வராது" என்றாள். சென்னையில் வீடு பார்க்கும்போது புரோக்கர்களும் இதையே சொல்வார்கள். வருஷத்தில் பாதிக்கு மேல் அது நிஜம். ஆனால் சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வேளைச் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. வடகிழக்கில் உதித்து வடமேற்கில் இறங்குகிறது. அதாவது வருஷத்திலேயே கொடூரமான மாதங்களில்தான் வடக்குப் பால்கனிக்குக் காலையிலும் சாயங்காலமும் நேர் வெயில் வரும். ஜனவரியில் வாங்கி மாட்டிய பாஸ்டன் ஃபெர்ன் மே மாதத்தில் ஏன் திடீரென்று வெளிறிப்போகிறது என்று குழம்புகிறவர்களுக்கு இதுதான் பதில். ஒரு பச்சை நிழல்வலை போதும், அல்லது அந்த மாதங்களில் தொட்டியை உள்பக்கம் ஓர் அடி நகர்த்தினால் போதும்.

அஸ்பரகஸ் இதில் தாராளம். காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் பட்டால் நரிவால் இன்னும் அடர்த்தியாக வரும். அதற்கு ஆகாதது இருட்டு. ஹால் மூலையில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு மாதத்தில் மஞ்சள் ஊசிகளாகத் தரையெல்லாம் கொட்டும். பெருக்கப் பெருக்க வந்துகொண்டே இருக்கும், துடைப்பத்தில் சிக்கும். நியாயமாகச் சொன்னால் பாஸ்டனும் குப்பை போடும், சின்னச் சின்ன இலையாக. குப்பையே போடாத செடிதான் வேண்டுமென்றால் பறவைக்கூடு பெரணி இருக்கிறது, அகலமாகப் பளபளவென்று இலை விடும், நடுக்குருத்தில் தண்ணீர் ஊற்றாமல் ஓரமாக ஊற்றினால் போதும். ஆனால் அதில் நாம் தேடுகிற அந்தச் சல்லாத்துணி அழகு கிடையாது.

கொன்ற கதை

மெய்டன்ஹேரை மூன்று தடவை வாங்கினேன். ஒவ்வொரு தடவையும் நர்சரியில் அதைப் பார்க்கும்போது பழைய இரண்டையும் மறந்துபோகும், அப்படி ஓர் அழகு. அடியாண்டம் என்ற அதன் பெயருக்குக் கிரேக்க மொழியில் நனையாதது என்று பொருள். இலையில் தண்ணீர் தெளித்தால் முத்தாக உருண்டு ஓடிவிடும். மேலே நனையவே மறுக்கும் இந்தச் செடி, வேர் ஒரே ஒரு மத்தியானம் காய்ந்தால் தாங்காது. காலையில் பார்த்துவிட்டு ஆபீஸ் போய்ச் சாயங்காலம் வந்தால் இலையெல்லாம் டீத்தூள். பயந்து தூக்கி எறிய வேண்டாம். தண்டைத் தரையோடு வெட்டிவிட்டு, தொட்டியை நனைத்து, பாலிதீன் கவரால் மூடி நிழலில் வைத்தால், கீழே உயிர் இருந்தால் சில வாரத்தில் கறுப்புச் சுருள் ஒன்று எட்டிப் பார்க்கும். எனக்கு இரண்டு முறை பார்த்தது. மூன்றாவது முறை எட்டிப் பார்த்ததையும் நானே ஏசிக்கு எதிரில் வைத்து முடித்துவிட்டேன்.

அதற்கு ஒரே வழி கண்ணாடிக்குள் வைப்பது. இது இப்போதைய ஃபேஷன் இல்லை. 1829-ல் லண்டனில் நத்தானியல் வார்ட் என்ற டாக்டர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணில் புதைத்துக் கண்ணாடிப் பாட்டிலில் மூடி வைத்தார். பூச்சி வெளிவருவதற்கு முன் அந்த மண்ணில் ஒரு பெரணியும் கொஞ்சம் புல்லும் முளைத்துவிட்டன. நகரத்தின் நிலக்கரிப் புகையில் அவர் தோட்டத்துப் பெரணிகள் ஒன்றுகூடத் தங்காமல் இருந்த காலம் அது. மூடிய கண்ணாடிக்குள் ஆவியான தண்ணீரே திரும்பத் திரும்ப இறங்குகிறது என்று புரிந்துகொண்டு பெட்டிகள் செய்தார், 1833-ல் அவற்றில் செடிகளை வைத்துச் சிட்னி வரைக்கும் கப்பலில் அனுப்பினார். பிறகு ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததும் இந்தப் பெட்டிகளில்தான். ஆகவே மெய்டன்ஹேர்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் ஒரு பழைய மீன்தொட்டியை எடுங்கள், மேலே கண்ணாடி மூடி போடுங்கள், நேர் வெயில் படாத ஜன்னலோரத்தில் வையுங்கள். வெயில் பட்டால் உள்ளே இட்லிப்பானை ஆகிவிடும். கீழ்வீட்டுப் பெண்ணுக்கு நான் இதை ஒரே வரியில் முடித்துவிட்டேன்: "வேண்டாம்டா."

அஸ்பரகஸ் வாங்குகிறவர்களுக்கு

கடையில் ஒரே பெயரில் மூன்று செடி கொடுப்பார்கள். தட்டையாக, இறகு மாதிரி படிப்படியாக விரிந்தால் அது செட்டேசியஸ். பூங்கொத்துக்காரர்களின் பச்சை. ஜன்னலோரத்துக்கு மூன்றில் மிக அழகு. ஆனால் முதல் வருஷம் சமர்த்தாகப் புதராக இருந்துவிட்டு, பிறகு நீளக் கொடி விட ஆரம்பிக்கும், அதில் முள் இருக்கும். பிடிக்கக் குச்சி வைக்கவேண்டும், அல்லது கொடியை அடியோடு வெட்டிவிடவேண்டும். நுனியைக் கிள்ளினால் அந்தத் தண்டு அங்கேயே நின்றுவிடும், பக்கக்கிளை விட்டுச் செழிக்காது. இரண்டாவது ஸ்ப்ரெங்கரி, வளைந்து தொங்குவது, 19-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸில் இருந்த கார்ல் ஸ்ப்ரெங்கர் என்ற ஜெர்மானியர் ஐரோப்பாவில் பரப்பியது. மூன்றாவது நரிவால். பெயரைப் போலவே நிமிர்ந்த, புசுபுசுவென்ற வால்கள். என் ஓட்டு நரிவாலுக்கு. வெயில் தாங்குகிறது, கொடி விடுவதில்லை, வருகிறவர்கள் எல்லோரும் தடவிப் பார்க்கிறார்கள்.

தொட்டியில் தண்ணீர் தேங்கினால் மட்டும் கிழங்கு அழுகும். மேல்மண் ஒரு விரற்கடை காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். உரம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, மழைக்காலம் முடிந்து ஒரு பிடி மண்புழு உரம். இரண்டு வருஷத்தில் கிழங்கு பெருத்துப் பிளாஸ்டிக் தொட்டியையே பிதுக்கிவிடும். அப்போது வெளியே எடுத்துப் பழைய பல்வரிசைக் கத்தியால் கேக் மாதிரி இரண்டாக அறுத்து இரண்டு தொட்டியில் வைக்கலாம். முதல் தடவை கை நடுங்கும். ஒன்றும் ஆகாது.

இதையே மண்ணில், தோட்டத்து மூலையில் நடாதீர்கள், முக்கியமாக மலைப் பக்கத்தில் இருப்பவர்கள். பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பும். ஆஸ்திரேலியாவில் ஸ்ப்ரெங்கரியின் இனம் காட்டுக்குள் புகுந்து, தேசிய அளவில் ஒழிக்கவேண்டிய களைகளின் பட்டியலில் 2012-ல் சேர்ந்துவிட்டது. தண்ணீர் இல்லாமல் பிழைக்கும் குணம் பால்கனியில் வரம், காட்டில் தொல்லை.

அம்மா ஒருமுறை வந்திருந்தபோது இந்த நரிவாலையும் செட்டேசியஸையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுக்கா காசு குடுத்தே? நம்ம கொல்லை வேலியில ஏறிக் கெடக்குமே, தண்ணீர்விட்டான் கொடி!" அவள் சொன்னது முழுக்க உண்மை. தண்ணீர்விட்டான் கிழங்கு, நாட்டு மருந்துக் கடையில் சதாவரி என்று பொடியாக விற்பது, இதே அஸ்பரகஸ் குடும்பம். அதே ஊசி இலை, மணக்கும் வெள்ளைப் பூ, வேரில் கொத்துக் கொத்தாகக் கிழங்கு. எனக்கு அதைத் தொட்டியில் வைக்க ஆசைதான், வைத்தும் பார்த்தேன். கோடையில் பச்சையை உதிர்த்துவிட்டுக் குச்சியாக நின்றது, மழை வந்ததும் பத்தடிக்கு ஏறி மேல்வீட்டு ஏசி யூனிட்டைப் பிடித்துக்கொண்டது. வளைந்த முள் வேறு. கொல்லை இருப்பவர்களுக்கு அதைவிட நல்ல செடி இல்லை. ஃபிளாட்டுக்கு அடங்காது.

இன்னொன்று. பாஸ்டன் ஃபெர்ன் வீட்டுக் காற்றைச் சுத்தம் பண்ணும் என்று கடையில் சொல்லிக் கூடுதலாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். 1989-ல் நாசா மூடிய சிறு பெட்டிகளுக்குள் வீட்டுச் செடிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து கிளம்பிய பேச்சு இது. 2019-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதுபோன்ற சோதனைகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். ஜன்னல் வழியாகச் சாதாரணமாக வந்து போகிற காற்றோட்டத்துக்கு ஈடாகவேண்டுமென்றால், ஒரு சதுர மீட்டர் தரைக்குக் குறைந்தது 10 செடி, சில கணக்கில் 1000 செடி வேண்டும். அவ்வளவு செடி வைத்த பிறகு நாம் எங்கே உட்காருவது?

அப்புறம் பூனை வந்தது

சாயங்காலப் பேச்சில் நான் நரிவால் என்று முடித்தேன். இரண்டரை நாள் ஆளில்லாத வீடு, போர் தண்ணீர், மே மாதத்தில் வெயில் வரும் வடக்குப் பால்கனி. எல்லாக் கணக்கும் அதன் பக்கம்தான். அவளும் சரி என்றாள். மறுநாள் எங்கே வைக்கலாம் என்று பார்க்கக் கீழே போனேன். கதவைத் திறந்ததும் சோபாவுக்கு அடியிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பூனை வந்து என் காலை மோந்தது. ஊருக்குப் போகும்போது அதையும் கூடையில் எடுத்துப் போவார்களாம். ஜன்னலில் இருந்த மணி பிளான்ட்டின் இலைகளில் பல் தடம்.

"இது செடியெல்லாம் கடிக்குமா?"

"கடிக்கும் அக்கா. ஊசி ஊசியா இருந்தா இன்னும் ஆசை. துடைப்பத்தையே விடாது."

நான் கேட்க மறந்த கேள்வி இதுதான். அஸ்பரகஸ் ஃபெர்னின் பழத்தைத் தின்றால் பூனைக்கும் நாய்க்கும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். செடி தொடர்ந்து தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும் வரலாம். தவழ்ந்து எதையும் வாயில் போடும் குழந்தை இருக்கிற வீட்டிலும் அந்தச் சிவப்பு மணிகளை வைக்க எனக்கு மனம் வராது. பாஸ்டன், மெய்டன்ஹேர், பறவைக்கூடு மூன்றும் பூனை கடித்தாலும் விஷமில்லாதவை. அந்த மணி பிளான்ட்டையும் முதலில் எடுத்து உயரத்தில் மாட்டச் சொன்னேன், அதன் சாறு பூனை வாயை எரிக்கும்.

ஆக, முதல் நாள் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டு பாஸ்டனுக்கு வந்தோம். மிச்சமிருந்தது அந்த இரண்டரை நாள். அதற்குக் கொஞ்சம் பெரிய தொட்டியாக எடுத்தோம், 10 அங்குலத்துக்குக் குறையாமல். தொட்டி சின்னதாக இருந்தால் மண் சீக்கிரம் காயும். மண்தொட்டி வேண்டாம் என்றேன், அது பக்கவாட்டிலும் ஈரத்தை விடும். பிளாஸ்டிக்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொட்டியை அப்படியே ஒரு வாளி ஏசி தண்ணீரில் அரைமணி நேரம் முக்கி எடுத்து, வடித்து, பாத்ரூம் ஜன்னலுக்குக் கீழே வெளிச்சத்தில் வைத்துவிட்டு ஊருக்குப் போகவேண்டும். ஞாயிறு முழுக்க அங்கே வெயிலும் காற்றும் படாது.

நர்சரிக்கு நானும் கூடப் போனேன். பாஸ்டன் என்று சொல்லி வரிசையாக வைத்திருந்த தொட்டிகளில் பாதி வேறு ஒரு பெரணி, நெஃப்ரோலெபிஸ் கார்டிஃபோலியா, மீன் முள் மாதிரி விறைப்பாக நிற்கும் இலை. விரலால் மேல்மண்ணைக் கிளறினால் கோலிக்குண்டு அளவுக்கு உருண்டைக் கிழங்குகள் தட்டுப்பட்டன. இது நிஜப் பெரணிதான், பூனைக்குப் பயமில்லை, ஆனால் அன்றாடங்காய்ச்சி இல்லை, கையில் கொஞ்சம் தண்ணீர் வைத்திருக்கிறது. வளைந்து வழிகிற அந்த அழகில் பாஸ்டனுக்கு அடுத்தபடிதான். அவள் முகத்தைப் பார்த்தேன். "இதையே எடுத்துக்கலாம் அக்கா, நான் மறந்துடுவேன், என்னை எனக்குத் தெரியும்" என்றாள். நர்சரிக்காரர் மட்டும், "நான் அன்னிக்கே சொன்னேனேம்மா, எல்லாம் ஃபெர்ன்தான்னு" என்றார்.

ஒரு மாதம் ஆகிறது. இரண்டு முறை திருநெல்வேலி போய் வந்தாயிற்று, செடியில் புதிதாக ஏழெட்டுச் சுருள் விரிந்திருக்கிறது. பூனை இலையைக் கடிப்பதில்லை. தொட்டிக்கு நடுவில் ஏறிப் படுத்துக்கொள்கிறது. அதற்கு என்ன செய்வது என்று நேற்று போன் செய்தாள். தொங்கு சங்கிலி வாங்கச் சொல்லியிருக்கிறேன்.